ரேபிஸ்: கடிவாயிலிருந்து மூளை வரை

"வீட்டு நாய்தானே, என்ன ஆயிடப் போகுது?"

"பத்து நாள் நாயைப் பார்ப்போம். செத்தா ஊசி போட்டுக்கலாம்."

"ஐயோ, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி!"

நாய் கடித்த வீட்டில் இந்த மூன்றில் ஒரு பேச்சாவது எழாமல் இருக்காது. மூன்றுமே தவறு. மூன்றும் செய்வது ஒரே காரியம்: ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வைக்கின்றன. மற்ற பல நோய்களில் இரண்டு நாள் தாமதித்தால் கூடுதலாக இரண்டு மாத்திரை போட்டுச் சமாளித்துவிடலாம். ரேபிஸில் அப்படி முடியாது.

வெறிநாய்க்கடி நோய் என்று ஊரில் சொல்வதைத்தான் மருத்துவர்கள் ரேபிஸ் என்கிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகு அதிலிருந்து பிழைத்தவர்கள் உலகம் முழுவதும் மிகச் சிலரே. ஆனால் அறிகுறி தெரியும் முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். இவ்வளவு கொடிய நோய் இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடியதாகவும் இருப்பது அரிது. அப்படியிருந்தும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் இறக்கிறார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் அரசுக் கணக்கில் பதிவாகின.

நோய் எந்த வழியாகப் போகிறது என்பது புரிந்துவிட்டால், என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே வழியிலிருந்து தொடங்குவோம்.

எதிலிருந்து வருகிறது

ரேபிஸுக்குக் காரணம் ஒரு வைரஸ். வெயில் ஏறினால் நாய்க்கு வெறி பிடிக்கும், பட்டினி கிடந்தால் பிடிக்கும், அடித்தால் பிடிக்கும் என்பதெல்லாம் பொய். வெறி பிடித்த இன்னொரு விலங்கு கடித்தால்தான் நாய்க்கு நோய் வரும்.

பாலூட்டிகள் மட்டுமே இந்த வைரஸைச் சுமக்கும். நாய், பூனை, நரி, கீரி, குரங்கு, மாடு, ஆடு எல்லாம் இதில் அடக்கம். கோழி, காக்கை, பல்லி, ஓணான், பாம்பு ஆகியவற்றால் ரேபிஸ் வராது. வீட்டு எலியும் அணிலும் கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. பூனைக் கீறலை அலட்சியம் செய்கிறவர்கள் நிறையப் பேர். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி என்பதால் அதன் நகத்தில் எச்சில் இருக்கும். கடிக்குத் தரும் மதிப்பைக் கீறலுக்கும் தர வேண்டும்.

வைரஸ் இருப்பது விலங்கின் எச்சிலில். அந்த எச்சில் கடி வழியாகவோ, கீறல் வழியாகவோ, ஏற்கெனவே இருக்கும் புண்ணை நக்குவதாலோ, கண், வாய், மூக்கின் ஈரமான உட்புறத்தில் படுவதாலோ உள்ளே போகிறது. காயமில்லாத தோலை நாய் நக்கினால் வைரஸ் உள்ளே நுழைய முடியாது. நாயைத் தொட்டதால், அதற்குச் சோறு போட்டதால், அது கிடந்த இடத்தில் உட்கார்ந்ததால் ரேபிஸ் வராது.

எலியும் வளையும்

வீட்டுக்குள் ஓர் எலி நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் ஓடும்போது அதைத் துடைப்பத்தால் விரட்டிவிடலாம். கூடத்தில் ஓடும்போது பூனை பிடித்துவிடும். ஆனால் சுவரோரம் இருக்கும் வளைக்குள் புகுந்துவிட்டால் துடைப்பமும் எட்டாது, பூனையும் எட்டாது. வளையின் மறுமுனை நெல் குதிருக்கு அடியில் திறக்கிறது என்றால், எலி அங்கே வெளிப்படும்போதுதான் நமக்குத் தெரியும். அப்போது நெல் போய்விட்டிருக்கும்.

ரேபிஸ் வைரஸ்தான் அந்த எலி. கடிவாய்தான் திண்ணை. வளை என்பது நரம்பு. குதிர் என்பது மூளை.

பெரும்பாலான கிருமிகள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவும். ஆகவே உடம்பின் காவலர்கள் சீக்கிரமே அவற்றைக் கண்டுகொள்வார்கள், காய்ச்சல் வரும், நமக்குத் தெரிந்துவிடும். ரேபிஸ் வைரஸ் அந்தப் பக்கமே போவதில்லை. கடித்த இடத்துச் சதையில் சில நாட்களோ வாரங்களோ தங்கிச் சிறிது பெருகும். பிறகு, சதையை அசைப்பதற்காக அங்கே வந்து முடியும் நரம்பு நுனியில் ஒட்டி உள்ளே நுழையும். நரம்புக்குள் பொருட்களை ஏற்றி இறக்க உடம்பு வைத்திருக்கும் போக்குவரத்தையே பயன்படுத்திக்கொண்டு, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் முதுகுத்தண்டை நோக்கி ஏறும். அங்கிருந்து மூளைக்கு.

கடி பட்ட நாளுக்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட இந்த மௌன நாட்களுக்கு அடைகாலம் என்று பெயர். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். சிலருக்கு ஒரு வாரம், அரிதாகச் சிலருக்கு ஓராண்டு. தலையிலும் முகத்திலும் கழுத்திலும் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு, அடைகாலமும் சுருங்கும். விரல் நுனியில் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருப்பதால் வளைக்கு வாசல்கள் அதிகம். குழந்தைகளின் உயரம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் அவர்களுக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது. குழந்தைக்கடியில் அரைநாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

வைரஸ் நரம்புக்குள் பயணம் செய்யும்போது இரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. "டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாம்" என்பதற்கு இந்த நோயில் இடமே இல்லை.

சுருக்கமாக: எச்சில் வழியாக நுழையும் வைரஸ் இரத்தத்தில் போகாமல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நரம்புக்குள் நுழையும் முன்தான் அதைப் பிடிக்க முடியும். அடைகாலம் நீளமாக இருப்பதால்தான் நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

மூளையை எட்டிய பிறகு

காய்ச்சல், தலைவலி, அசதி என்று தொடங்கும். ஆறிப்போன பழைய கடிவாயில் மறுபடி அரிப்பும் குத்தலும் மரத்துப்போதலும் வருவது முக்கியமான அடையாளம். பிறகு பதற்றம், தூக்கமின்மை, குழப்பம். தண்ணீர் விழுங்கப் பார்த்தால் தொண்டைச் சதையும் மூச்சுச் சதையும் வெட்டி இழுக்கும். அந்த வேதனை மறுபடி வருமே என்பதால் தம்ளரைக் கண்டாலே உடம்பு நடுங்கும். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது என்று சொல்வது இதைத்தான். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் அதே இழுப்பு வரும். நோயாளி நாய்போல் குரைப்பார் என்பது கதை. தொண்டைச் சதை இழுத்துக்கொள்வதால் குரல் உடைந்து வேறு மாதிரிக் கேட்கும், அவ்வளவுதான்.

ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆரவாரம் எதுவும் இராது. கடித்த இடத்திலிருந்து கைகால்கள் மெல்லச் செயலிழந்து வரும். இதை வேறு வாத நோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

மூளையில் வைரஸ் பெருகியபின் அது நரம்புகள் வழியே திரும்பி இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. அடுத்த கடிக்கு எச்சில் தயாராவது அப்படித்தான். நாயிலும் நடப்பது இதுவே. பத்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க இந்தச் செய்தி பின்னால் உதவும்.

இந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லை. 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சிறுமியை மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே முறையைப் பிறகு பலருக்குச் செய்து பார்த்தும் நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. நோயாளியின் வேதனையைத் தணிப்பதுதான் இப்போதும் மருத்துவமனைகளால் செய்யக்கூடியது.

முதல் வேலை: கழுவுதல்

ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கும் முன் செய்ய வேண்டியது இது. மருந்துச் சீட்டு வேண்டாம், காசு வேண்டாம். குழாயடியில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள். பதறும் வீட்டில் இரண்டு நிமிடம் ஆகும்போதே பதினைந்து ஆகிவிட்டதுபோலத் தோன்றும்.

சோப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கைச் சோப்பு எப்படிக் கரைக்கிறதோ அப்படியே அந்த உறையையும் கரைக்கும். உறை போனால் வைரஸால் எதிலும் ஒட்ட முடியாது. துணி துவைக்கும் சோப்பும் போதும், குளிக்கும் சோப்பும் போதும். சோப்பு இல்லாவிட்டால் வெறும் தண்ணீரிலாவது கழுவ வேண்டும்.

பல் ஆழமாக இறங்கிய துளைக்காயத்தில் மேலே மட்டும் தேய்த்தால் போதாது. விளிம்பை மெல்ல விரித்துத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும்படி விட வேண்டும். ஆடையை நகர்த்தி உடம்பு முழுவதும் பாருங்கள். பெரிய காயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் முழங்காலுக்குப் பின்னால் இருந்த சிறு கீறல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. வைரஸுக்கு அந்தக் கீறல் போதும். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியைத் தடவலாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், எருக்கம்பால் எதையும் வைக்கக் கூடாது. இவை சதையை அரித்துப் புண்ணை ஆழமாக்கும், வைரஸுக்கு நரம்பு நுனிகளைத் திறந்துவிடும். இறுக்கிக் கட்டுப்போடக் கூடாது. தையலும் உடனே போடக் கூடாது, ஊசி முனை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வைரஸை இன்னும் உள்ளே தள்ளும். முகம் கிழிந்து தையல் போட்டே ஆக வேண்டும் என்ற நிலையில், வைரஸைக் கடிவாயிலேயே பிடிக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை (பின்னால் விளக்கம் வரும்) காயத்தில் செலுத்திவிட்டு, சற்று நேரம் கழித்துத் தளர்வாகச் சில தையல் மட்டும் போடுவார்கள்.

கடித்தது நேற்று, இன்றுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் கழுவுங்கள்.

கடியின் மூன்று வகை

ஆஸ்பத்திரியில் முதலில் கடியை வகைப்படுத்துவார்கள். சிகிச்சை இதை வைத்துத்தான் முடிவாகிறது என்பதால் நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முதல் வகை: விலங்கைத் தொட்டது, உணவு ஊட்டியது, காயமில்லாத தோலை அது நக்கியது. இதற்கு ஊசி வேண்டாம். கழுவினால் போதும்.

இரண்டாம் வகை: மூடாத தோலை மெல்லக் கவ்வியது, இரத்தம் வராத கீறல், சிராய்ப்பு. கழுவுவதோடு தடுப்பூசி வேண்டும்.

மூன்றாம் வகை: தோலைத் துளைத்து இரத்தம் வந்த கடி அல்லது கீறல், ஒன்றே ஒன்றாக இருந்தாலும். புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் தெறித்தது. காட்டு விலங்கு கடித்ததெல்லாம் இந்த வகையில்தான் சேரும். கழுவுதல், தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் என மூன்றும் வேண்டும்.

இரத்தம் வந்ததா இல்லையா என்று ஐயம் வந்தால் மூன்றாம் வகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எய்ட்ஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்றம் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இரண்டாம் வகைக் கடியையும் மூன்றாவதாகக் கருதியே மருத்துவம் செய்வார்கள். ஆகவே அந்தச் செய்தியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வளர்க்கும் பூனை: தடுப்பூசி

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட ரேபிஸ் வைரஸ். அதனால் நோய் வராது. எதிரியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று உடம்புக்குக் காட்டுகிறது. உடம்பு அதைப் பார்த்து, அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கும் புரதங்களைத் தயாரிக்கிறது. அவற்றை எதிர்ப்புப் புரதம் என்று சொல்லலாம், ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி என்பார்கள். நம் கதையில் அதுதான் பூனை. ஆனால் தடுப்பூசி தருவது பூனைக்குட்டியைத்தான். அது எலி பிடிக்கும் அளவுக்கு வளர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். ஏ.ஆர்.வி. (ஆன்டி ரேபிஸ் வாக்சின்) என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். போடும் முறை இரண்டு.

தோலுக்குள் போடும் முறை: 0.1 மில்லி வீதம் இரண்டு புஜத்திலும் ஒவ்வொன்று. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை போக வேண்டும். ஜூன் 1-இல் தொடங்கினால் அடுத்தவை ஜூன் 4, 8, 29. ஊசி சரியாகத் தோலுக்குள் இறங்கினால் அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போலச் சின்னக் கொப்புளம் எழும்பும். எழும்பாமல் போனால் மருந்து கீழே இறங்கிவிட்டது என்று பொருள், பக்கத்தில் மறுபடி போட வேண்டும்.

சதைக்குள் போடும் முறை: ஒரு குப்பி முழுவதும் ஒரு புஜத்தில். 0, 3, 7, 14, 28 என ஐந்து முறை. சின்னக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க ஓரத்தில் போடுவார்கள். பிட்டத்தில் மட்டும் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து அதில் தங்கிவிட்டால் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு உண்டாவதில்லை.

குழந்தைக்கும் பெரியவருக்கும் தடுப்பூசியின் அளவு ஒன்றுதான். ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டு தொடருங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடையில் நிறுத்துவதுதான் ஆபத்து. மூன்றாவது ஊசிக்குப் பிறகு காயம் ஆறிவிடும், வேலை வந்துவிடும், நான்காவதை மறந்துவிடுவார்கள். ஊசிச் சீட்டைக் காலண்டர் ஆணியில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

தொப்புள் ஊசிப் பயம் எங்கிருந்து வந்தது? முன்பு ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துத் தடுப்பூசி தயாரித்தார்கள். டேவிட் செம்பிள் என்பவர் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1911-இல் உருவாக்கிய முறை அது. வீரியம் குறைவு என்பதால் நிறைய மருந்தை, நாள் தவறாமல், வயிற்றுத் தோலில் போட வேண்டியிருந்தது. சிலருக்கு நரம்புக் கோளாறுகளும் வந்தன. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004 இறுதியோடு நின்றுவிட்டது. அந்த ஊசி ஒழிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பயம் மட்டும் பாட்டியிடமிருந்து பேரனுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இரவல் பூனை: இம்யூனோகுளோபுலின்

பூனைக்குட்டி வளரும் அந்த இரண்டு வாரத்தில் எலி வளையைக் கண்டுபிடித்துவிட்டால்? பக்கத்து வீட்டிலிருந்து வளர்ந்த பூனை ஒன்றை இரவல் வாங்கி, எலி இருக்கும் இடத்திலேயே விட வேண்டும். அந்த இரவல் பூனைதான் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி போட்ட மனிதர் அல்லது குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, தயார்நிலையில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் இது. ஆய்வகத்திலேயே தயாரிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி வகைகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன.

இதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது. மனித வகை கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகை கிலோவுக்கு 40 யூனிட். 50 கிலோ எடையுள்ளவருக்கு முறையே 1,000, 2,000 யூனிட். எடையைத் தோராயமாகச் சொல்லாமல், நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிக முக்கியமான செய்தி: இதை ஒவ்வொரு காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். எலி நிற்பது திண்ணையில், பூனையைக் கொல்லையில் விட்டால் என்ன பயன்? புஜத்திலோ பிட்டத்திலோ போட்டுவிட்டுக் கடிவாயை விட்டுவிட்டால், போட்டதற்குரிய பலன் கிடைக்காது. காயங்கள் பல இருந்து மருந்து போதாவிட்டால் உப்புநீரில் கலந்து பெருக்கி எல்லாக் காயத்துக்கும் தருவார்கள். விரல் நுனியில் போடும்போது வலிக்கும். வலிக்கிறதே என்று யாரும் அதைத் தவிர்க்கச் சொல்லக் கூடாது.

முதல் நாளே, முதல் தடுப்பூசியோடு போடுவதுதான் சரி. அன்று மருந்து கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு நம் பூனையே வளரத் தொடங்கியிருக்கும், இரவல் பூனை அதன் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும். ஒரு கடிக்கு ஒருமுறைதான் இதைப் போடுவார்கள்.

"ஊசி போட்டும் இறந்துவிட்டார்" என்று செய்தி வரும்போதெல்லாம் மக்களுக்குத் தடுப்பூசி மேல் நம்பிக்கை போய்விடுகிறது. 2025-இல் கேரளத்தில் ஊசி போடத் தொடங்கியிருந்த குழந்தைகள் இறந்தபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. தலையிலும் முகத்திலும் ஆழமான கடி என்றால் வைரஸ் நேராக நரம்புக்குள்ளேயே போய்விடுவது அரிதாக நடக்கும். பெரும்பாலான தோல்விகளின் காரணம் வேறு: கழுவாதது, தாமதமாக வந்தது, இம்யூனோகுளோபுலின் போடாதது, போட்டும் ஏதோ ஒரு காயத்தை விட்டுவிட்டது, மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்காமல் கெடுத்தது. மூன்றாம் வகைக் கடியில் "இம்யூனோகுளோபுலின் காயத்தில் போட்டாச்சா?" என்று கேட்க நோயாளியின் வீட்டாருக்கு முழு உரிமை உண்டு. அந்த மருந்து அங்கே இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று அப்போதே கேட்டு அங்கே போக வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

சுருக்கமாக: சோப்பு வாசலிலேயே எலியைப் பெருக்கித் தள்ளுகிறது. இம்யூனோகுளோபுலின் மிஞ்சியதைக் கடிவாயில் பிடிக்கிறது. தடுப்பூசி இரண்டு வாரத்துக்குப் பிறகு காவலை ஏற்கிறது. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

பத்து நாள் கணக்கு உண்மையில் என்ன

நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, அது மூளையை எட்டித் திரும்பி இறங்கும்போதுதான் என்று பார்த்தோம். அதாவது கடித்த நாளில் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அந்த நாய்க்கு நோய் முற்றும் தறுவாய். சில நாளில் அறிகுறி தெரியும், பத்து நாளுக்குள் பெரும்பாலும் செத்துப்போகும். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக ஓடியாடித் தின்றுகொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருக்காது.

கணக்கு சரிதான். அதைப் பயன்படுத்தும் விதம்தான் தவறு. ஊசியை முதல் நாளே தொடங்கிவிட்டு, கூடவே நாயைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் முடிந்து நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். காத்திருந்து பார்த்து, நாய் எட்டாம் நாள் செத்தபின் ஓடினால், விலைமதிப்பற்ற எட்டு நாள் எலிக்குப் போய்விடும். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே செல்லும். குரங்குக்கும் நரிக்கும் செல்லாது. கடித்த தெருநாயைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கணக்கே இல்லை.

நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் நமக்கு ஊசி வேண்டும். அதற்குப் போட்ட ஊசி வேலை செய்ததா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

"தண்ணி குடிக்குது, அதனால வெறி இல்லை" என்பதும் தவறு. வெறி பிடித்த நாய் தண்ணீருக்கு அஞ்ச வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்க்க வேண்டியவை வேறு: காரணமில்லாமல் கடிப்பது, கல்லையும் கட்டையையும் கவ்வுவது, குரைப்பு மாறுவது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது. இன்னொரு வகையில் நாய் கட்டிலுக்கடியில் ஒதுங்கி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வீட்டார் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். அப்படிக் கைவிட்டவர்கள் எல்லோருக்கும் ஊசி வேண்டும்.

ஊரில் கேட்கும் மற்ற கேள்விகள்

பத்தியம் உண்டா? இல்லை. கறி, மீன், கத்தரிக்காய் எதையும் விட வேண்டாம். குளிக்கலாம்.

கர்ப்பிணிக்குப் போடலாமா? போட வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் அதனால் கேடு இல்லை. பால் கொடுக்கும் தாயும் போட்டுக்கொள்ளலாம்.

வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோமே? காய்ச்சிய பாலில் வைரஸ் பிழைக்காது. ஆனால் அந்த மாட்டின் வாய்க்குள் கைவிட்டு மருந்து புகட்டியவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாலைவிட எச்சில்தான் கவலைக்குரியது.

கடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனிப் போட்டுப் பயனுண்டா? உண்டு. அறிகுறி வராதவரை எப்போது வந்தாலும் புதுக் கடியைப் போலவே சிகிச்சை தொடங்கும்.

ஏற்கெனவே முழுதாக ஊசி போட்டவரை மறுபடி கடித்தால்? கழுவ வேண்டும், பிறகு 0, 3 ஆகிய இரு நாட்களில் தடுப்பூசி போதும். இம்யூனோகுளோபுலின் வேண்டாம், பூனை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும். கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், தெருநாய்களைப் பராமரிப்பவர்கள் கடிபடும் முன்பே 0, 7, 21 அல்லது 28 ஆகிய நாட்களில் மூன்று ஊசி போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நாயிடமே நிறுத்துவது

மனிதருக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் மனிதர் பிழைப்பார், ஆனால் தெருவில் வைரஸ் குறையாது. அது வாழ்வது நாய்களிடையே. அங்கேயே அறுக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஏன் நூறும் வேண்டாம்? வெறிபிடித்த ஒரு நாய் சில நாளில் செத்துவிடுவதால், சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்கு மேல் அதால் நோயைக் கடத்த முடிவதில்லை. அந்த ஒன்றிரண்டில் பெரும்பாலானவை ஊசி போட்டவையாக இருந்துவிட்டால் சங்கிலி முடிந்தது. ஏன் ஐம்பது போதாது? ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது போன்றது இது. ஊசி போட்ட நாய்கள் இறக்கும், ஊசி போடாத குட்டிகள் பிறக்கும், மாதாமாதம் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். அடுத்த ஆண்டு முகாம் வரும்வரை மட்டம் ஆபத்தான அளவுக்குக் கீழே போகாமலிருக்க எழுபதுவரை நிரப்பியாக வேண்டும். ஒரு ஆண்டு போட்டு மறு ஆண்டு விட்டால் பானை காலி.

நாய்களைக் கொல்வதால் இது நடக்காது. கொல்லப்படுபவற்றில் ஊசி போட்டவையும் போகும், காலியான தெருவுக்கு ஊசி போடாத நாய்கள் வந்து சேரும். மட்டம் இன்னும் வேகமாக இறங்கும். பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுவதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். கடிபட்டவர்களின் கோபம் நியாயமானது, குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் கணக்குப் பேச முடியாது. ஆனாலும் குழந்தைகளைக் காக்கும் வழி இதுவே.

கோவாவில் ஆண்டுதோறும் நாய்களுக்கு ஊசி போட்டும் பள்ளிகளில் பாடம் நடத்தியும் 2017-க்குப் பிறகு சில ஆண்டுகள் மனித ரேபிஸ் இறப்பே இல்லாத நிலையைக் கொண்டுவந்தார்கள். 2021-இல் அது ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1970-களில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இருந்த இறப்பு, நாய்த் தடுப்பூசித் திட்டங்களுக்குப் பிறகு சில பத்துகளாகச் சுருங்கியது. நாயால் வரும் மனித ரேபிஸை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த முதல் நாடு மெக்சிகோ, 2019-இல்.

வீட்டு நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அரசு கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். தெருவில் சோறு வைப்பவர்களிடம் நாய்கள் பழகியிருப்பதால், முகாம் நாளில் அவற்றைப் பிடித்துத் தர அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை: தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடாதே. துரத்தினால் ஓடாதே, கையை உடம்போடு ஒட்டி மரம்போல் நில். விழுந்துவிட்டால் சுருண்டு முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள். இவற்றோடு இன்னொன்று: நாய் கடித்தால், கீறினால், உடனே வந்து சொல், யாரும் திட்ட மாட்டோம். அடி விழும் என்று பயந்து குழந்தை மறைத்த கீறல், இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் தம்ளர் நடுங்கும்போதுதான் பல வீடுகளில் தெரிய வருகிறது.